கஞ்சி மட்டும் குடித்தால் குடல் ஆறிவிடுமா?

கேள்வி: என் கணவருக்கு வயது 32. பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். இரண்டு வருடத்துக்கு முன்பு மலத்தில் ரத்தமும் சளியும் போக ஆரம்பித்தது. மூலம் என்று நினைத்துக் களிம்பும் லேகியமுமாக ஆறு மாதம் ஓட்டினோம். அப்புறம் கொலனோஸ்கோபி செய்து பார்த்து 'அல்சரேட்டிவ் கொலைட்டிஸ்', பெருங்குடலின் இடது பக்கம் வரை புண் இருக்கிறது என்றார்கள். மெசலமின் மாத்திரையிலும் எனிமாவிலும் நாலு மாதத்தில் நன்றாகிவிட்டார். நோயின் பெயர் தெரிந்த நாளிலிருந்தே அத்தை காரம், புளி, பால், கறி, காய் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டார். காலையில் நாலு இட்லி, மதியமும் ராத்திரியும் அரிசிக் கஞ்சி. 61 கிலோ இருந்தவர் இப்போது 53. இதற்கிடையில் கொழுந்தனார் ஒரு வீடியோ அனுப்பினார். நல்ல பாக்டீரியா குறைவதால் வரும் நோய் இது, பாக்டீரியா கேப்ஸ்யூலும் பழைய சோறும் போதும், மாத்திரை தேவையில்லை என்று அதில் சொல்கிறார்கள். அதை நம்பி மூன்று வாரமாக மாத்திரையை விட்டுவிட்டார். நாலு நாளாக மறுபடி ரத்தம் தெரிகிறது. நைட் ஷிஃப்டில் பரோட்டாவும் பேக்கரி பப்ஸும் தின்றதால்தான் இது வந்ததா? என்ன கொடுப்பது, எதை நிறுத்துவது? எங்கள் மூன்று வயது மகனுக்கும் வருமா?
- வாசகி, திருப்பூர்

சகோதரிக்கு வணக்கம்.

சாப்பாட்டுக் கதையெல்லாம் அப்புறம். இதைப் படித்த உடனே, ஏற்கெனவே பார்த்த குடல் மருத்துவரிடம் அவரைக் கூட்டிக்கொண்டு போங்கள். மூன்று வாரமாக மாத்திரை போடவில்லை என்பதை மறைக்காமல் சொல்லச் சொல்லுங்கள். நிறைய பேர் டாக்டர் திட்டுவார் என்று பயந்து 'ஒழுங்காகத்தான் போடுகிறேன்' என்று சொல்லிவிடுகிறார்கள். அப்படிச் சொன்னால், மெசலமின் இவருக்குப் பலிக்கவில்லை என்று டாக்டர் முடிவு செய்து, தேவையே இல்லாமல் ஸ்டீராய்டுக்குப் போக நேரும். மெசலமினை ஒழுங்காக எடுக்காதவர்களுக்கு நோய் திரும்பும் வாய்ப்பு ஒழுங்காக எடுப்பவர்களைவிட ஐந்து மடங்குக்கு மேல் என்று அமெரிக்காவில் 2003-இல் வெளிவந்த ஓர் ஆய்வு சொல்கிறது. உங்கள் கணவர் விஷயத்தில் நடந்திருப்பதும் அநேகமாக அதுதான். இருந்தாலும் சீதபேதி மாதிரி கிருமித் தொற்று சேர்ந்துகொண்டாலும் இதே போலத்தான் ரத்தம் போகும். அதனால் மலப் பரிசோதனை ஒன்று கேட்பார்கள். கூடவே மலத்தில் 'கால்ப்ரோடெக்டின்' அளவும் பார்க்கச் சொல்லலாம். குடலில் அழற்சி எவ்வளவு என்பதை அது காட்டிவிடும், ஒவ்வொரு தடவையும் ஸ்கோப் போட வேண்டியதில்லை.

ஒரு நாளைக்கு ஆறு முறையோ அதற்கு மேலோ ரத்தத்தோடு போனால், கூடவே காய்ச்சலோ படபடப்போ இருந்தால், அப்பாயின்ட்மென்ட்டுக்குக் காத்திருக்காமல் நேரே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள். உடம்பு வலிக்கிறதே என்று மெடிக்கலில் டைக்ளோஃபினாக், இபுபுரூஃபன் வாங்கிக் கொடுக்காதீர்கள். இந்த நோயைக் கிளறிவிடும் மருந்துகள் அவை. பேதி நிற்கும் மாத்திரையும் டாக்டரைக் கேட்காமல் வேண்டாம்.

சரி, இனி என் வேலைக்கு வருகிறேன். குடல் நோய்ப் பிரிவில் உணவு ஆலோசனை சொல்வது என் பிழைப்பு. மாத்திரையின் அளவைக் கூட்டுவதும் குறைப்பதும் டாக்டர் வேலை. தட்டில் என்ன விழ வேண்டும் என்பதுதான் என் கவலை. உங்கள் கடிதத்தைப் படித்தபோது அந்த வீடியோவைவிட அந்தக் கஞ்சிதான் எனக்கு அதிகம் உறுத்தியது. மாத்திரை விட்டது மூன்று வாரம். கஞ்சியோ ஏறக்குறைய ஒன்றரை வருடமாக ஓடுகிறது.

கணக்கைப் பாருங்கள். அழற்சி இருக்கும்போது உடம்புக்குக் கிலோவுக்கு 1.2 முதல் 1.5 கிராம் வரை புரதம் வேண்டும். 53 கிலோ ஆளுக்கு நாளொன்றுக்கு 64 முதல் 80 கிராம். நாலு இட்லியும் இரண்டு வேளைக் கஞ்சியும் ஒரு டீயும் எவ்வளவு தரும்? தாராளமாகப் போட்டாலும் 25 கிராமைத் தாண்டாது. புண் ஆறப் புதுத் திசு வளர வேண்டும், ரத்தம் ஊற வேண்டும். பொருளே இல்லாமல் உடம்பு எதை வைத்துக் கட்டும்? எட்டு கிலோ எங்கே போனது என்றால், அதில் கணிசமான பங்கு தசையாகப் போயிருக்கும். கட்டிங் மேசையில் நாள் முழுக்க நின்று வேலை பார்க்கிற மனிதர் அவர்.

அத்தையைக் குறை சொல்ல வரவில்லை. நம் ஊரில் வயிறு சரியில்லை என்றால் கஞ்சி. நாலு நாள் பேதிக்கு அது சரியான வைத்தியமும்கூட. ஆனால் இது நாலு நாள் நோய் இல்லை. நோய் அடங்கியிருந்த காலத்திலும் அதே கஞ்சியைத் தொடர்ந்ததில் இன்னொரு நஷ்டமும் உண்டு. அந்த நஷ்டம் குடலில் இருக்கும் பாக்டீரியாக்களுக்கு.

நம் உடம்பில் ஏறத்தாழ 38 லட்சம் கோடி பாக்டீரியாக்கள் இருப்பதாக 2016-இல் இஸ்ரேல் ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள். அதில் மிகப் பெரும்பகுதி பெருங்குடலில், அதாவது உங்கள் கணவருக்குப் புண் வந்திருக்கும் அதே இடத்தில்தான் குடியிருக்கிறது. நாம் சாப்பிடுவதில் சிறுகுடல் செரிக்க முடியாமல் விட்ட நார், ஆறிய சோற்றில் உண்டாகும் செரிக்காத மாவுச்சத்து, இவைதான் அவற்றுக்குச் சாப்பாடு. அதைப் புளிக்க வைத்து பியூட்டிரேட் என்ற ஒரு அமிலத்தை அவை உண்டாக்குகின்றன. பெருங்குடலின் உள்தோல் செல்கள் தங்களுக்கு வேண்டிய சக்தியில் முக்கால் பங்குக்குக் கொஞ்சம் குறைவாக இதிலிருந்துதான் எடுத்துக்கொள்கின்றன. ரத்தத்தில் வரும் சர்க்கரையைவிட அவற்றுக்கு இதுவே பிரதானம். அழற்சியை அடக்கிவைக்கவும் பியூட்டிரேட் உதவுகிறது.

குடல் அழற்சி நோய் உள்ளவர்களிடம் இந்த பியூட்டிரேட் செய்யும் கூட்டம்தான் குறைந்திருக்கிறது. ஃபீகலிபாக்டீரியம் பிராஸ்னிட்சி என்று ஒன்று. ஆரோக்கியமான குடலில் ஏராளமாக இருப்பது. குரோன்ஸ் என்பது இதே குடும்பத்தைச் சேர்ந்த, சிறுகுடலையும் தாக்கும் இன்னொரு குடல் அழற்சி நோய். அந்த நோயாளிகளிடம் இந்த பாக்டீரியா குறைவாக இருப்பதையும், அதற்கு அழற்சியைத் தணிக்கும் குணம் உண்டு என்பதையும் 2008-இல் பிரான்ஸ் ஆய்வாளர்கள் காட்டினார்கள். அது சேர்ந்த பாக்டீரியாக் குடும்பம் நம் நாட்டு நோயாளிகளிடமும் குறைந்திருப்பதை வேலூர் சிஎம்சி ஆய்வாளர்கள் 2013-இல் எழுதினார்கள். ஆக, வீடியோக்காரர் சொன்னதில் பாதி உண்மை. நல்ல பாக்டீரியா குறைந்திருக்கிறது, சரிதான். ஆனால் அது குறைந்ததால் நோய் வந்ததா, நோய் வந்ததால் அது குறைந்ததா என்ற கேள்வியை அவர் தாண்டிக் குதித்துவிட்டார். புண்ணும் ரத்தமுமாக இருக்கும் குடல், ஆக்சிஜனே ஆகாத இந்த பாக்டீரியாக்களுக்குப் பிடிக்காத இடம். இரண்டு பக்கமும் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டு போகும் சங்கிலி அது. மெசலமின் அந்தச் சங்கிலியை ஒரு இடத்தில் அறுக்கிறது, சரியான சாப்பாடு இன்னொரு இடத்தில். ஒன்றைப் பிடித்துக்கொண்டு மற்றதை விட்டால் சங்கிலி அறுந்த இடத்தில் மறுபடி சேர்ந்துகொள்ளும்.

மாத்திரையும் பாக்டீரியாவும் எதிரிகள் என்பது போல அந்த வீடியோவில் பேசியிருக்கிறார்களே, அவர்களுக்கு ஒரு செய்தி. மெசலமினுக்கு முன்னோடி சல்ஃபாசலசின் என்ற மாத்திரை. சுவீடனில் நன்னா ஸ்வார்ட்ஸ் என்ற பெண் மருத்துவர் 1940-களில் கொண்டுவந்தது. இன்றும் நம் அரசு ஆஸ்பத்திரிகளில் கொடுக்கிறார்கள். அந்த மாத்திரை அப்படியே பெருங்குடல் வரை போகும். அங்கே இருக்கும் பாக்டீரியாக்கள் அதை இரண்டாக உடைத்தால்தான் உள்ளேயிருக்கும் மெசலமின் வெளியே வந்து புண்ணில் வேலை செய்யும். பாக்டீரியா இல்லாவிட்டால் அந்த மாத்திரைக்கு வேலையே இல்லை.

இனி பரோட்டா கேள்வி. 'நான் தின்று கெடுத்துக்கொண்டேன்' என்று அவர் தன்னையே நொந்துகொண்டிருந்தால் அதை முதலில் நிறுத்தச் சொல்லுங்கள். பரோட்டா தின்கிற கோடிக்கணக்கான பேருக்கு இந்த நோய் வருவதில்லை. பிறவியிலேயே வரும் மரபணு அமைப்பு, நோய் எதிர்ப்பு சக்தி தன் குடலையே தாக்கும் கோளாறு, பாக்டீரியா, சாப்பாடு, சின்ன வயதில் எடுத்த ஆன்டிபயாடிக் என்று பல கை சேர்ந்து தட்டும் ஓசை இது. ஆனால் சாப்பாட்டுக்கும் வாழும் இடத்துக்கும் பங்கே இல்லை என்றும் சொல்ல முடியாது. இங்கிலாந்தில் லெஸ்டர் நகரத்தில் குடியேறிய இந்திய வம்சாவளிக்காரர்களை 1990-களின் தொடக்கத்தில் ஆராய்ந்தபோது, அங்கிருந்த ஐரோப்பியர்களைவிட அவர்களிடம் அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் கூடுதலாக இருந்தது. கப்பல் ஏறியதும் மரபணு மாறிவிடாது, மாறியது சுற்றுச்சூழல். வெள்ளைக்காரன் வியாதி என்று ஒரு காலத்தில் நினைத்ததும் பொய்த்துப்போனது. பஞ்சாபில் லூதியானா மருத்துவர்கள் வீடு வீடாகப் போய் எடுத்த கணக்கு 2003-இல் வெளிவந்தது: லட்சம் பேரில் 44 பேருக்கு இந்த நோய்.

பாக்கெட் தீனி விஷயத்தில் ஆதாரம் கொஞ்சம் வலுவாகவே சேர்ந்து வருகிறது. இந்தியா உள்பட 21 நாடுகளில் லட்சத்துக்கு மேற்பட்டவர்களைப் பல வருடம் தொடர்ந்து பார்த்த ஆய்வு 2021-இல் வந்தது. ஆலையில் மிகையாகப் பதப்படுத்திய உணவை நாளுக்கு ஐந்து தடவையோ அதற்கு மேலோ சாப்பிட்டவர்களுக்கு, ஒரு தடவைக்கும் குறைவாகச் சாப்பிட்டவர்களைவிட குடல் அழற்சி நோய் வரும் வாய்ப்பு சுமார் 1.8 மடங்கு. எது காரணம் என்று தேடினால் முதலில் கண்ணில் படுவது, எண்ணெயும் தண்ணீரும் பிரியாமல் பிடித்துவைக்கச் சேர்க்கும் எமல்சிஃபையர்கள். 2015-இல் எலிகளுக்கு இவற்றைக் கொடுத்துப் பார்த்தார்கள். குடல் சுவரை மூடியிருக்கும் சளிப்படலத்துக்குள் பாக்டீரியாக்கள் நெருங்கி வந்து, அழற்சி தொடங்கியது. 2022-இல் நோயில்லாத 16 மனிதர்களை வைத்து நடந்த ஆய்வில் ஒரு பிரிவினருக்கு இவற்றில் ஒன்றைக் கொடுத்துப் பார்த்தபோதும் சிலரிடம் அதே நெருக்கம் தெரிந்தது. ஐஸ்கிரீம், கேக் மிக்ஸ், சில பிரெட் வகைகள், பாக்கெட் பானங்கள் இவற்றின் பின்பக்கம் பொடி எழுத்தில், சேர்மானப் பொருள்களுக்குக் கொடுக்கும் எண்களில் ஐஎன்எஸ் 466, ஐஎன்எஸ் 433, ஐஎன்எஸ் 407 என்று இருக்கிறதா பாருங்கள். இருந்தால் அவருக்கு வாங்காதீர்கள். தெருமுனைக் கடையில் கண்ணெதிரே வீசிச் சுடும் பரோட்டாவைவிட எனக்கு அந்த பாக்கெட் மேல்தான் சந்தேகம் அதிகம். அதற்காகத் தினமும் ராத்திரி பரோட்டா என்றும் அர்த்தமில்லை. அது வெறும் மைதாவும் எண்ணெயும்தான். பாக்டீரியாவுக்கு அதில் ஒன்றும் மிஞ்சாது.

பாக்டீரியாவுக்கு ஒன்றும் மிஞ்சாவிட்டால் என்ன ஆகும்? மனிதக் குடல் பாக்டீரியாக்கள் 14 வகையை எலிகளில் குடியேற்றி, நாரே இல்லாத உணவு கொடுத்துப் பார்த்த அமெரிக்க ஆய்வு ஒன்று 2016-இல் வந்தது. தீனி கிடைக்காத ஆடு வேலியைக் கடிக்கிற மாதிரி, அந்த பாக்டீரியாக்கள் குடலின் சளிப்படலத்தையே தின்னத் தொடங்கின. படலம் மெலிந்தது, நோய்க் கிருமி சுலபமாக உள்ளே போனது. எலியில் நடந்தது அப்படியே மனிதனுக்கும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் நோய் அடங்கிய பிறகும் நார் என்ற பேச்சே இல்லாமல் வருடக்கணக்கில் கஞ்சி ஊற்றுவதை நான் எதிர்ப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

'அப்படியானால் நாளையிலிருந்தே கீரையும் சுண்டலும் கொடுக்கிறேன்' என்று கிளம்பிவிடாதீர்கள். இப்போது வேண்டாம். இங்கேதான் பலரும் குழம்புகிறார்கள், டாக்டர்கள் ஆளுக்கொன்று சொல்வதாகவும் நினைத்துக்கொள்கிறார்கள். நோய் கிளம்பியிருக்கும்போது ஒரு சாப்பாடு, அடங்கியபின் வேறு சாப்பாடு. நாரை உடைக்கும் பாக்டீரியாக்கள் குறைந்து போயிருக்கும் புண்பட்ட குடலில், சில வகை நார் உடைபடாமல் முழுசாகவே போய் நோய் எதிர்ப்புச் செல்களைச் சீண்டுகிறது என்பதைக் கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தினர் 2023-இல் காட்டியிருக்கிறார்கள். அவர்கள் பார்த்தது ஃபிரக்டன் என்ற வகை நார். வெங்காயம், பூண்டு, கோதுமை இவற்றில் இருப்பது. அதே நார் நோய் அடங்கிய குடலில் நல்ல தீனி. ஆகவே 'வெங்காயம் நல்லதா கெட்டதா' என்று என்னிடம் கேட்டால், இன்றைக்கு ரத்தம் போகிறதா இல்லையா என்று நான் திருப்பிக் கேட்பேன்.

ரத்தம் நிற்கும் வரை இப்படிச் செய்யுங்கள். சோறு குழைய வடியுங்கள், இட்லி, இடியாப்பம் தாராளமாக. கஞ்சி கொடுத்தே ஆக வேண்டும் என்று அத்தை சொன்னால், அதில் பாசிப்பருப்பைக் கையளவு போட்டுக் குழைத்து, இறக்கிய பிறகு ஒரு முட்டையை அடித்துக் கொதிக்கும் சூட்டிலேயே ஊற்றிக் கிளறி, மறுபடி இரண்டு நிமிடம் அடுப்பில் வையுங்கள். அத்தைக்கும் திருப்தி, அவருக்கும் புரதம். ஒரு முட்டையில் சுமார் 6 கிராம் இருக்கிறது. நாளுக்கு இரண்டு, மூன்று முட்டை தாராளமாகப் போகலாம். மீன் கிடைத்தால் இன்னும் நல்லது. முள் எடுத்த 100 கிராம் மீனில் 20 கிராம் அளவுக்குப் புரதம். பொரிக்காமல் குழம்பிலோ ஆவியிலோ வேக வைத்துக் கொடுங்கள். சுரைக்காய், பீர்க்கங்காய், பூசணி, கேரட் எல்லாம் தோலும் விதையும் நீக்கி நன்றாக வேகவைத்து மசித்தால் ஒத்துக்கொள்ளும். கனிந்த வாழைப்பழம் நல்லது. பேதி அதிகமாகப் போகிற நாளில் உப்புச் சர்க்கரைக் கரைசல். பச்சைக் காய்கறி, முழுப்பயறு, கொட்டைகள், வாழைத்தண்டு, முருங்கைக்காய்ச் சக்கை இவற்றை மட்டும் கொஞ்ச நாள் ஒதுக்கிவையுங்கள். ஒரே நேரத்தில் வயிறு முட்டக் கொடுக்காமல் ஐந்தாறு தடவையாகப் பிரித்துக் கொடுங்கள்.

காரமும் புளியும் பெருங்குடலில் புண் உண்டாக்கும் என்பதற்கு ஆதாரம் கிடையாது. புண் இருக்கும்போது மிளகாய் போகிற வழியெல்லாம் எரிச்சல் கொடுக்கும், அதனால் இப்போது குறையுங்கள். அடங்கியதும் வீட்டு ரசம், சாம்பார், குழம்பு எல்லாமே அவருக்கும் உண்டு. வீட்டில் மற்றவர்கள் தின்பதைத் தானும் தின்கிறோம் என்பது சின்ன விஷயமில்லை. பாலைப் பொறுத்தவரை, தென்னிந்தியர்களில் பெரியவர்கள் பலருக்கும் பால் சர்க்கரை செரிப்பதில்லை, நோய் இருந்தாலும் இல்லாவிட்டாலும். ஒரு டம்ளர் பால் குடித்தால் வயிறு பொருமுகிறதா என்று பாருங்கள். பொருமினால் விட்டுவிடுங்கள். டீயில் விடும் பாலும் தயிரும் பெரும்பாலும் தொந்தரவு செய்யாது. பாலை முழுக்க நிறுத்தினால் கால்சியத்துக்கு ராகியோ நெத்திலி மாதிரி முள்ளோடு தின்கிற சின்ன மீனோ வழி செய்ய வேண்டும்.

நோய் அடங்கியது என்று டாக்டர் சொன்ன பிறகுதான் என் உண்மையான வேலை தொடங்குகிறது. அப்போது வாரத்துக்கு ஒன்றிரண்டாகச் சேர்த்துக்கொண்டே போங்கள். முதலில் கீரையை மசியலாக, பருப்போடு. அப்புறம் தோல் நீக்கிய கொய்யா, பப்பாளி. பிறகு ராகிக் கூழ், கம்பு, வரகு. கடைசியாகச் சுண்டலைக் குழைய வேகவைத்து ஒரு கரண்டி. ஒன்று ஒத்துக்கொள்ளவில்லை என்றால் ஒரு மாதம் கழித்து மறுபடி முயன்று பாருங்கள், ஆயுள் தண்டனை கொடுத்துவிடாதீர்கள். நோயாளிகள் என்னிடம் கொண்டுவரும் 'ஆகாத சாமான்' பட்டியல்களைப் பார்த்தால் மளிகைக் கடையில் உப்பும் தண்ணீரும் தவிர எதுவும் மிஞ்சாது. உங்கள் கணவருக்கு இருப்பது பெருங்குடல் புண் மட்டும். குரோன்ஸ் நோயில் சிறுகுடல் சுருங்கி அடைப்பு இருந்தால் சக்கை நாருக்குத் தனிக் கட்டுப்பாடு உண்டு. இந்தக் கடிதத்தைப் படிக்கும் குரோன்ஸ் நோயாளிகள் மேலே சொன்னதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம்.

பழைய சோற்றுக்கு வருகிறேன். அதன் மேல் எனக்கும் ஆசை உண்டு, அதனால் ஜாக்கிரதையாகவே எழுதுகிறேன். ஆறிய சோற்றில் செரிக்காத மாவுச்சத்து கூடுகிறது. அது பெருங்குடல் பாக்டீரியாவுக்குப் போகிறது. இதன் பலனைக் காலரா நோயாளிகளிடம் நிரூபித்ததே வேலூர் சிஎம்சியில்தான். மருத்துவர் பி. எஸ். ராமகிருஷ்ணா குழுவினர் உப்புச் சர்க்கரைக் கரைசலில் இந்த வகை மாவுச்சத்தைக் கலந்து கொடுத்தபோது பேதி சீக்கிரம் நின்றது என்று 2000-இல் எழுதினார்கள். பாக்டீரியா உண்டாக்கும் அமிலங்கள் பெருங்குடல் உப்பையும் நீரையும் உறிஞ்ச உதவுவதுதான் அதற்கு அடிப்படை. இரவு முழுக்க நீரில் ஊறும் சோற்றில் லாக்டிக் அமில பாக்டீரியாக்களும் வளர்கின்றன. சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவக் கல்லூரியில் குடல் அழற்சி நோய்க்குப் பழைய சோறு உதவுமா என்று ஆய்வுக்கே எடுத்துக்கொண்டார்கள். எடுக்க வேண்டிய ஆய்வுதான். ஆனால் மெசலமினுக்குப் பதிலாகப் பழைய சோறு என்று சொல்லும் தைரியம் எனக்கு வராது. நோய் அடங்கிய காலத்தில் காலை உணவாகத் தாராளமாகக் குடிக்கட்டும். கொதித்து ஆறிய தண்ணீர் ஊற்றி, மூடி, ஒரு ராத்திரி மட்டும். திருப்பூர் வெயிலில் இரண்டாம் நாள் வைக்க வேண்டாம். நோய் எதிர்ப்பு சக்தியை அடக்கும் ஸ்டீராய்டோ அசத்தியோபிரினோ தொடங்கினால் டாக்டரைக் கேட்டுவிட்டுக் குடிக்கட்டும். தொட்டுக்கொள்ளும் சின்ன வெங்காயமும் நோய் அடங்கிய பிறகுதான், ஏன் என்று மேலே சொல்லிவிட்டேன்.

கேப்ஸ்யூல் கதை வேறு. புரோபயாடிக் என்ற பெயரில் மெடிக்கலில் விற்பவற்றில் சில நூறு கோடி பாக்டீரியாக்கள் இருக்கும். கேட்கப் பெரிதாகத்தான் இருக்கிறது. ஆனால் அல்சரேட்டிவ் கொலைட்டிஸுக்குப் பலன் தந்த இந்திய ஆய்வில் 2009-இல் கொடுத்தது எட்டு வகை பாக்டீரியா கலந்த ஒரு குறிப்பிட்ட கலவை, ஒரு வேளைக்கு 3.6 லட்சம் கோடி, நாளுக்கு இரண்டு வேளை. அந்த ஆய்வு 147 பேரிடம் நடந்தது, 12 வாரத்தில் நோய் அடங்கியவர்கள் நூற்றுக்கு 43 பேர். ஒப்பிட்டுப் பார்க்க, மருந்தே இல்லாத வெற்று மருந்து எடுத்தவர்களில் நூற்றுக்கு 16 பேர். ஒரு வகையும் ஒரு அளவும் வேலை செய்ததை வைத்து கடையில் இருக்கும் எல்லாக் கேப்ஸ்யூலும் வேலை செய்யும் என்று விற்கிறார்கள். உங்கள் கொழுந்தனார் எந்தக் கேப்ஸ்யூலை வாங்கச் சொன்னாரோ தெரியாது, அந்தக் காசில் முட்டை வாங்குங்கள்.

பாக்டீரியாவை மாற்றுவதில் நம் நாட்டில் நடந்த உருப்படியான வேலை டெல்லி எய்ம்ஸில் நடந்தது, 2022-இல் வெளிவந்தது. கிராமத்து ஆரோக்கியமான மனிதர்களின் மலத்தைப் பக்குவப்படுத்தி, கொலனோஸ்கோபி வழியாக வாரம் ஒரு முறை ஏழு வாரம் நோயாளிகளின் குடலில் செலுத்தினார்கள். முகம் சுளிக்காதீர்கள், உலகம் முழுக்க முயன்று பார்க்கும் சிகிச்சைதான் இது. கூடவே சேர்மானப் பொருள், பதப்படுத்திய உணவு, வெள்ளைச் சர்க்கரை எல்லாம் விலக்கிய, பழமும் காயும் புளித்த உணவும் கூட்டிய ஒரு சாப்பாட்டு முறை. எட்டு வாரத்தில் அந்தப் பிரிவில் 60 சதவீதம் பேருக்கு நோய் அடங்கியது, வழக்கமான மருந்தை மட்டும் கூட்டிக் கொடுத்த பிரிவில் 32 சதவீதம். அதன் பிறகு மலம் செலுத்துவதை நிறுத்திவிட்டு உணவு முறையை மட்டும் தொடர்ந்தார்கள். 48-ஆவது வாரத்தில் குடலுக்குள்ளும் புண்ணே இல்லாமல் இருந்தவர்கள் நாலில் ஒருவர். மற்றப் பிரிவில் ஒருவர்கூட இல்லை. சாப்பாட்டுக்கு இவ்வளவு பலம் உண்டு என்று நான் நம்புவதற்குப் பெரிய காரணம் இந்த ஆய்வு. அந்த 60 சதவீதத்தினர் மாத்திரையை நிறுத்திவிட்டு இதைச் செய்யவில்லை, அதையும் எடுத்துக்கொண்டேதான் செய்தார்கள். இதைக் கொழுந்தனாருக்குப் படித்துக் காட்டுங்கள். வீட்டில் செய்து பார்க்கிற காரியம் இல்லை இது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள், யூடியூபில் அதற்கும் செய்முறை போட்டிருப்பார்கள்.

மஞ்சள் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் அடுத்த வீடியோ அதுவாகத்தான் இருக்கும். மஞ்சளின் சத்தான குர்க்குமினை நாளுக்கு 3 கிராம் மெசலமினோடு சேர்த்துக் கொடுத்தபோது 2015-இல் நல்ல பலன் தெரிந்தது. எய்ம்ஸில் 450 மில்லிகிராம் கொடுத்தபோது ஒன்றும் நடக்கவில்லை. சமையல் மஞ்சள் தூளில் குர்க்குமின் நூற்றுக்கு மூன்று பங்கு அளவுதான், ஆகவே 3 கிராமைக் குழம்பில் போட்டு எட்டிப் பிடிக்க முடியாது. மிளகுச் சத்து சேர்த்து 'அதிகம் உறிஞ்சும்' என்று விற்கும் குர்க்குமின் மாத்திரைகளால் கல்லீரல் கெட்டவர்கள் உண்டு. டாக்டருக்குத் தெரியாமல் வேண்டாம். குடலைச் சுத்தம் செய்கிறேன் என்று நிலாவரைப் பொடியும் விளக்கெண்ணெயும் கொடுக்கிற பேச்சையும் இந்த வீட்டில் நுழைய விடாதீர்கள்.

ஆஸ்பத்திரிக்குப் போகும்போது ஹீமோகுளோபின், இரும்புச் சத்து, வைட்டமின் டி மூன்றையும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். ஒன்றரை வருடக் கஞ்சிக்கும் ரத்தப் போக்குக்கும் பிறகு அவை குறைந்திருக்காவிட்டால்தான் ஆச்சரியம். இரும்பு மாத்திரை சிலருக்கு வயிற்றைக் கலக்கும். அப்படியானால் ஊசியாகப் போடும் வழி இருக்கிறது. வாரம் ஒரு நாள், ஒரே நேரத்தில், ஒரே தராசில் எடை பார்த்து காலண்டரில் எழுதி வையுங்கள். அடுத்த முறை டாக்டரைப் பார்க்கும்போது அந்தக் காலண்டர் தாளைக் கொண்டுபோனால் பாதிப் பேச்சு மிச்சம்.

மகன் விஷயம். அப்பாவுக்கோ அம்மாவுக்கோ அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் இருந்தால் பிள்ளைக்கு வரும் வாய்ப்பு நூற்றில் இரண்டு என்ற அளவில்தான். அதாவது 98 பேருக்கு வராது. இப்போது அவனுக்கு எந்தப் பரிசோதனையும் தேவையில்லை. சளி பிடித்ததற்கெல்லாம் மெடிக்கலில் ஆன்டிபயாடிக் சிரப் வாங்கி ஊற்றாதீர்கள், பாக்கெட் தீனியைக் குறைத்து வீட்டுச் சாப்பாட்டில் காய், பருப்பு, பழம் எல்லாவற்றுக்கும் நாக்கைப் பழக்குங்கள். என்றைக்காவது அவன் மலத்தில் ரத்தம் தெரிந்தாலோ, வாரக்கணக்கில் பேதி நிற்காமல் எடையோ உயரமோ கூடாமல் போனாலோ, மூலம் என்று களிம்பு தடவிக்கொண்டிருக்காமல் குழந்தை மருத்துவரிடம் அப்பாவின் நோயைச் சொல்லிக் காட்டுங்கள்.